மழையில் நனையாத ஒன்பதாம் பாறை

1

1978 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பத்து இருபத்தைந்து. மழை. நேற்று மாலை ஆறு மணிக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. பாரன்ஹீட்டில் நாற்பத்து நான்கு டிகிரி. காற்று மேற்கிலிருந்து.

என் நோட்டில் அந்த நாளுக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறேன். எழுதிய இடம், ஷெஃபீல்டிலிருந்து மேற்கே பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம் போய், இறங்கி ஆயிரத்து அறுநூற்று நாற்பது தப்படி நடந்தால் வரும் மேட்டு நிலத்தில் ஒரு பாறையின் அடி. எனக்கு அறுபத்தாறு வயது. முழங்கால்கள் இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை. கண்ணுக்கு முன்னால், பாறையில் விரல் நுனி பிடிக்கிற அளவுள்ள ஒரு விளிம்பில், தூத்துக்குடிக் கல்லுப்புப் பத்துக் கல்லை வரிசையாக வைத்திருந்தேன். வைத்தது ஒன்பது ஐம்பதுக்கு.

எனக்கு இடது பக்கம், இரண்டு முழம் தள்ளி, என் மகள் வசந்தி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. ஆறு மாதம் ஏழு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் நான் கூப்பிட்ட பாறைக்கு வந்திருந்தாள். அந்தப் பத்துக் கல்லில் எத்தனை கரையாமல் நிற்கின்றன என்பதில்தான் அவள் இனி என் வார்த்தையை நம்புவாளா, மாட்டாளா என்பது இருந்தது.

ஊரில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

2

தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் நான் டாலி கிளார்க். கப்பலுக்குப் போகிற மூட்டையையும் வருகிற மூட்டையையும் எண்ணிக் கையெழுத்துப் போடுகிற வேலை. அன்றைக்குக் கப்பல் கரைக்கு வராது. ஐந்து ஆறு மைல் தள்ளி ஆழத்தில் நிற்கும். கரையிலிருந்து தோணிதான் சரக்கைக் கொண்டு போகும். இப்போது புதுத் துறைமுகத்தில் கப்பல் சுவரை ஒட்டி வந்து நிற்கிறதாம். மைத்துனர் எழுதுகிறார். நான் பார்க்கவில்லை. பார்க்காததை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

1962-இல் இங்கே வந்தோம். உண்மையில் வந்தது என் மனைவி செல்வக்கனி. அவள் நர்ஸ், இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் அவளோடு வந்த சாமான். கப்பலில் ஏறும்போது அவளிடம் இருந்த உருப்படி ஒன்பது. அதில் நான் ஒன்று, ஆறு வயது வசந்தி ஒன்று, பெட்டி ஏழு. பெட்டிகள் எல்லாம் சரியாக வந்து சேர்ந்தன.

வசந்தியின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. பெரிய வயதில் வந்தவர்களுக்கு ஆங்கிலம் உதைக்கும். இவளுக்கு இரண்டும் இல்லை, வேறொன்று. ஆங்கிலத்தில் அவள் இருபத்திரண்டு வயதுப் பெண். வாத்தியார்களோடு சரிக்குச் சரி வாதம் பண்ணுவாள். தமிழில் ஆறு வயதோடு நின்றுவிட்டாள். கோபம், குழப்பம், அரசியல் எதற்கும் அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. பசிக்கு, வலிக்கு, விளையாடப் போகக் கேட்பதற்கு இருக்கிறது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த வயதின் பேச்சு அப்படியே உப்பில் போட்டதுபோல் இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து “யப்பா, அங்கன பாருங்க, ஆடு” என்பாள். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத் தோன்றும்.

3

கல்லூரியில் சேர்ந்த வருடம் இந்தப் பழக்கம் தொற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேராக மேட்டு நிலத்துக்குப் போய்ப் பாறையில் ஏறுகிறார்கள். மலையேற்றம் என்றால் கயிறு உண்டு, ஆணி உண்டு, உச்சி உண்டு. இதில் ஒன்றும் இல்லை. ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம் உள்ள தனிப் பாறைகள். வெறும் கை, கயிறு கட்டுகிற ரப்பர் செருப்பு, வியர்க்காமல் இருக்கக் கைக்குப் பூச ஒரு வெள்ளைப் பொடி. அவ்வளவுதான். ஏறி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இறங்குவோம் என்றாள். இறங்கி? இன்னொரு வழியாக ஏறுவோம்.

போல்டரிங் என்று பெயர். உயரம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று ஆரம்பத்தில் சமாதானம் சொன்னாள். எட்டடியிலிருந்து விழுந்த உப்பு மூட்டை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆபத்து உயரத்தில் இல்லை, ஈரத்தில். நனைந்த பாறையில் ரப்பர் வழுக்கும். நனைந்த கல் பலம் குறைந்து, பிடித்த விளிம்பு கையோடு பெயர்ந்து வருவதும் உண்டாம். இந்த ஊரில், என் நோட்டின்படி, ஐந்து நாளில் மூன்று நாள் மழை. போன வருடம் மார்ச்சில் நான் இங்கே பார்த்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குக் கவலைப்பட முழு நேரமும் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை பெய்தால் நான் வாசலில் நிற்பேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போவாள். கடைசியில் ஒருநாள் அவளே ஒரு உடன்படிக்கை சொன்னாள்.

“யப்பா, மழைல நனையாத பாறையக் கண்டுபிடிச்சுக் குடுங்க. நீங்க போன்னு சொன்னாப் போறேன். சொல்லலன்னாப் போக மாட்டேன்.”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நான் மறுநாளே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். “யப்பா, போட்டுமா?” தெருவில் பாண்டி ஆடப் போகட்டுமா என்று ஆறு வயதில் கேட்ட அதே கேள்வி, அதே சொல். நான் நோட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன். அந்த ஏழு மாதம் என் வாழ்க்கையில் கணக்குக்கு மரியாதை இருந்த காலம்.

4

அந்த மேட்டில் பதினான்கு பாறைகளை எண் போட்டுப் பிரித்தேன். அவற்றுக்கு அவர்கள் ஏதேதோ செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு எண் போதும். வெயிலில் ஒருமுறை, தூறலில் ஒருமுறை, பெருமழையில் ஒருமுறை என்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். குடை மூன்று உடைந்தது. பஸ் கண்டக்டர் என்னை ஆடு மேய்க்க வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கும்போதெல்லாம் பார்த்துப் போங்கள் என்பார்.

கற்றுக்கொண்டவை கொஞ்சம் உண்டு. பாறை செங்குத்தாக இருந்தால் போதாது, முன்னால் கவிந்திருக்க வேண்டும். கவிந்திருந்தாலும் காற்று வரும் பக்கம் பார்த்து நின்றால் மழை உள்ளே அடிக்கும். மேல்காற்று மழைக்குக் கிழக்கு முகப் பாறைதான் நல்லது. பச்சைப் பாசி இருந்தால் அது என்றைக்கும் காயாத இடம். கறுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் வழிகிற வழி. சிலது மழை நின்ற ஒரு மணி நேரத்திலேயே காற்றில் காய்ந்துவிடும், சிலது மூன்று நாள் இழுக்கும்.

ஆனால் பார்வைக்கு உலர்ந்த பாறை உள்ளே ஈரமாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அதற்கு எனக்கு ஒரு வழி தெரியும் என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் மிக்கேல் தண்டல் என்று ஒருவர் இருந்தார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். புன்னைக்காயல்காரர். ஐப்பசி கார்த்திகையில் கல்கத்தா கப்பலுக்கு உப்பு மூட்டை ஏற்றுவோம். இரவு பெய்த மழையை இறைத்துக் கொட்டி, தோணியின் அடிப்பலகை காய்ந்துவிட்டதா என்று பார்த்துத்தான் மூட்டை இறக்க வேண்டும். நான் சின்ன வயதுக்காரன், குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்றேன். அவர் சிரித்தார்.

“கணக்கரே, மழைத் தண்ணில நிக்கிய. உங்க கையே ஈரம். ஈரக் கை எதத் தொட்டாலும் காஞ்சதுன்னுதான சொல்லும்?”

மூட்டையின் வாயிலிருந்து பத்துக் கல் உப்பு எடுத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். அப்பால் போய் உட்கார்ந்து ஒரு பீடி, அது முடிந்து இன்னொரு பீடி. பிறகு எண்ணினார். பத்தும் நின்றால் மூட்டை ஏறும். எட்டு நின்றால் இரட்டை ஓலைப்பாய் விரித்து ஏற்றுவார். அதற்குக் குறைந்தால் அன்றைக்குத் தோணி போகாது, எட்டு ஆளுக்குக் கூலி இல்லை. ஆட்கள் அவரை வாயில் வந்தபடி ஏசுவார்கள். அவர் மூன்றாவது பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார். அவர் ஏற்றிய மூட்டையில் நனைந்தது என்று ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை.

இந்த வழியைத்தான் நான் இங்கே கையாண்டேன். சமையலறையில் இருந்த உப்பு டப்பாவை எடுத்துப் போனேன். இங்கே கிடைப்பது பொடி உப்பு, கல் கிடையாது. ஒரு சிட்டிகை வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பேன். பொடி வெள்ளையாக, உதிரியாக இருந்தால் பாறை உலர்ந்தது. நோட்டில் பதினான்கில் ஐந்து பாறைகளுக்கு நேரே ‘உலர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்துப் போட யாரும் கேட்கவில்லை. பழக்கம்.

5

போன அக்டோபர் 9, ஞாயிறு. இரண்டு நாள் பெய்த மழை விட்டு மூட்டமாக இருந்தது. ஆறாம் எண் பாறை. பார்க்க அழகான பாறை. வயிறு தள்ளினாற்போல் நன்றாகக் கவிந்தது. உச்சியில் மண்ணும் நாலைந்து மரமும். நான் முன்னால் போய் விரிசலில் உப்பு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் கேட்டாள், நான் போ என்றேன்.

ஏழடி உயரத்தில் அந்த விரிசலுக்குள் நான்கு விரலையும் விட்டாள். முகம் மாறியதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை உச்சி மண்ணில் விழுந்த மழை, மரத்தின் வேரடியில் தங்கி, மெதுவாக இறங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் விரிசலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. கை நழுவியது. கீழே கிடந்த ஒரு கல்லின் மேல் கால் பட விழுந்தாள்.

“யப்பா, கால் போச்சு” என்றாள். தமிழில்.

கணுக்காலில் இரண்டு முறிவு. கொண்டு போன ஆஸ்பத்திரியில் செல்வக்கனிதான் அன்று வேலையில் இருந்தாள். தள்ளுவண்டியில் வருவது யார் என்று பார்த்தபின் அவள் நர்ஸ் வேலையைச் சரியாகச் செய்தாள். மாவுக்கட்டுப் போட்டு முடித்து, கையைக் கழுவி, துடைத்து, பிறகுதான் என்னிடம் வந்தாள்.

“பதினஞ்சு வருசமா இங்க முறிஞ்சு வாரவுகளப் பாக்கேன். குடிச்சிட்டு விழுந்து வந்திருக்காக, பனியில சறுக்கி வந்திருக்காக. உப்பக் கேட்டு முறிச்சிட்டு வந்தது நீங்க ரெண்டு பேருந்தான்.”

வசந்தி என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நான்கு வார்த்தை பதில் சொல்லி முடித்திருப்பேன். பதினோரு வாரம் மாவுக்கட்டு. அவிழ்த்து, நடக்கப் பழகி, ஜனவரிக் கடைசியில் மறுபடி போக ஆரம்பித்தாள். போகும்போது மாடிப்படியிலிருந்தே ஆங்கிலத்தில் வருகிறேன் என்பாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். என் முன்னால் வந்து நிற்பதில்லை. போட்டுமா என்று கேட்பதில்லை. மாலையில் அவள் மேலே போனதும் வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்ப்பேன். மார்ச் முடிய ஒன்பது ஞாயிறு. அதில் ஆறு ஞாயிறு ஈரம்.

ஈரப் பாறையில் ஏறுகிறாள் என்றால் உடன்படிக்கை முடிந்துவிட்டது என்று பொருள். என்னிடம் சண்டை போடவில்லை. என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

6

மாவுக்கட்டோடு இருந்தபோது ஒருநாள் காலையில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வேலை இல்லாமல் அந்த உப்பு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். சிரித்தாள். டப்பாவை என் பக்கம் திருப்பினாள். எழுத்து எறும்பு அளவு; கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தேன். உப்பு ஈரம் பிடித்துக் கட்டியாகாமல் இருக்க மக்னீசியம் கார்பனேட் கலந்திருக்கிறது. தன் பையிலிருந்து கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியை எடுத்து மேஜையில் வைத்தாள். அதிலும் அதே பெயர்.

ஈரத்தைக் காட்டாமல் இருப்பதற்கென்றே செய்த உப்பை வைத்து நான் ஈரத்தைச் சோதித்திருக்கிறேன். உப்பளங்களுக்கு நடுவே பிறந்தவன். இருபத்தாறு வருடம் உப்பு எண்ணியவன். தண்டல் வைத்தது நம் ஊர்க் கல், அளத்தில் வாரிய கசப்பும் மண்ணும் கழுவாத கல். ஈரத்தைக் கண்டால் ஓடிப்போய்க் குடிக்கும். உப்பு என்று ஒரே பெயர் இருந்தால் ஒரே பொருள் என்று நினைத்துவிட்டேன்.

அன்றே மைத்துனர் ராஜபாண்டிக்கு எழுதினேன். அவர் தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கழுவாத கல்லுப்பு இரண்டு கிலோ, கடல் வழிப் பார்சலில் அனுப்பவும். பதில் வந்தது: “அத்தான், இங்க எல்லாரும் சீமையில இருந்து செண்டு வருமா, கடிகாரம் வருமான்னு கேக்காக. நீங்க இங்கருந்து உப்புக் கேக்கிய. அங்க பொழப்பு எப்படி இருக்குன்னு மறைக்காம எழுதுங்க. அக்கா நல்லா இருக்காளா?”

பார்சல் பிப்ரவரி முடிவில் வந்தது. வீட்டுக்கு வரவில்லை, பரிசோதனைக்காக நிறுத்தி வைத்திருப்பதாகத் தபால் இலாகாவின் அட்டை ஒன்று வந்தது. போனேன். நாற்பது நிமிடம் வரிசை. கவுண்டரில் இருந்த இளம் அதிகாரி மூட்டையைப் பிரித்து வெள்ளைக் கல்லை ஒரு தாளில் கொட்டி வைத்திருந்தார். இது என்ன என்றார். உப்பு. எதற்கு? பாறையில் வைத்துப் பார்க்க. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மேலதிகாரியைக் கூட்டி வந்தார், அவரிடமும் சொன்னேன். படிவம் மூன்று. மதிப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். ஒன்றுமில்லை என்ற மதிப்புக்கு அங்கே வழி கிடையாதாம். கடைசியில் நான் ஒரு கல்லை எடுத்து என் நாக்கில் வைத்துக்கொண்டேன். மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தார். அதன்பின் மூன்று முத்திரை மளமளவென்று விழுந்தன.

7

மார்ச் முழுவதும் தனியாகப் போனேன். பதினான்கு பாறைக்கும் மறுபடி பத்துப் பத்துக் கல். ஆறாம் பாறையின் விரிசலில் வைத்த பத்தும் இருபது நிமிடத்தில் பத்துக் கண்ணீர்த் துளி ஆயின. நான் கையெழுத்துப் போட்ட மற்ற நான்கில் இரண்டுக்கு ஏழு, ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் வந்த பாறையில் அவள் போன கோடையில் பதினோரு முறை ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான்தான் போ என்றேன். அந்த வரியின் அருகில் கொஞ்ச நேரம் பேனாவை வைக்க முடியவில்லை.

ஒன்பதாம் பாறையை நான் முதல் சுற்றிலேயே ஒதுக்கியிருந்தேன். பள்ளத்தில் கிடக்கும் குட்டையான, அவலட்சணமான பாறை. தரையெல்லாம் ஆட்டுப் புழுக்கை. மார்ச் 21, பெருமழை. ஒதுங்க இடம் தேடி அங்கே போனேன். உள்ளே ஏழு ஆடுகள் படுத்திருந்தன. நான் குனிந்து நுழைந்ததும் ஏழும் என்னைப் பார்த்தன, ஒன்றும் எழுந்திருக்கவில்லை. நானும் போய் எட்டாவதாக உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அதுவரை பாறையையே பார்த்துக்கொண்டிருந்தவன். என் காலடியில் மண் தூளாக இருந்தது, ஊதினால் பறந்தது. எனக்கு ஐந்தடி இரண்டு அங்குலம் முன்னால், கயிறு பிடித்துப் போட்டதுபோல் ஒரு வரிசைச் சிறு குழிகள். பாறையின் நெற்றியிலிருந்து சொட்டும் மழை எத்தனையோ காலமாக ஒரே கோட்டில் விழுந்து தோண்டியவை. கோட்டுக்கு அப்பால் பாசி, இப்பால் புழுதி. உச்சியில் மண் இல்லை, மரம் இல்லை. கசிய ஒன்றும் இல்லை. நெற்றி கூர்மையாக வெட்டுப்பட்டிருந்ததால் தண்ணீர் சுற்றி உள்ளே வர வழியில்லை.

அப்படி ஒரு கோடு முன்பே என் கண்ணில் பட்டிருக்கிறது. கல்யாணமாகாத காலம். மதுரைக்குப் போன பஸ் கயத்தாறு தாண்டி நின்றுவிட்டது. நல்ல மழை. பதினொரு பேர் இறங்கி ஓடி, ஒரு குன்றின் அடியில் இருந்த பாறைக் குகையில் நுழைந்தோம். உள்ளே வழுவழுவென்று வெட்டிய கல் படுக்கைகள், ஐந்து. பழைய காலத்துத் துறவிகள் படுத்த இடம் என்றார்கள். குகையின் நெற்றியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, விரல் ஆழத்துக்கு ஒரு காடி வெட்டியிருந்தது. மேலிருந்து வழிந்து வந்த மழை அந்தக் காடிவரை வந்து, அதைத் தாண்ட முடியாமல், எங்கள் மூக்குக்கு முன்னால் அறுந்து விழுந்தது. எங்களோடு வந்த ஒரு மிளகாய் வியாபாரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, ஒரு விரலு வெட்டுதான். இத்தன மழையும் கேக்குது பாத்தியளா” என்றார்.

ஆயிரம் ஆண்டா, இரண்டாயிரம் ஆண்டா, தெரியாது. நனையாத பாறையைத் தேடி என்னைப்போல் ஒருவன் மழையில் அலைந்திருக்கிறான். இங்கே அந்தக் காடியை மனிதன் வெட்டவில்லை. மழையும் காற்றுமே வெட்டிக்கொண்டன. மழை தன்னைத் தடுக்கிற கோட்டைத் தானே எழுதி வைத்திருக்கிறது. நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. அன்று வைத்த பத்துக் கல்லும் நின்றன. அதன்பின் நான்கு நாள் வந்தேன், நான்கு மழை. நான்கு முறையும் பத்து.

8

ஏப்ரல் 15 மாலை, மழை பிடித்ததும், வசந்தியின் அறை வாசலில் போய் நின்றேன். நாளைக்கு ஒரு பாறை காட்டுகிறேன், ஒரே தடவை வா என்றேன். எந்தப் பாறை என்றாள். ஒன்பது என்றேன். ஆட்டுக்கொட்டில் என்று ஆங்கிலத்தில் சிரித்தாள். ஆனால் காலையில் செருப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் பஸ் ஏறினாள்.

ஆடுகள் எங்களுக்கு இடம் விட்டுப் போயின. நான் கல்லை வைத்தேன். பத்து இருபத்தைந்துக்கு எண்ணினேன்: பத்து. பத்து ஐம்பதுக்கு எண்ணினேன்: பத்து. மேல்பக்கம் மினுமினுப்பு ஏறியிருந்தது. இந்த ஊர்க் காற்று அப்படி. ஆனால் பாறையைத் தொட்ட அடிப்பக்கம் கூர் மழுங்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். ஆனாலும் இன்னும் அரை மணி பார்ப்போம் என்றேன். அவள் செருப்பின் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், கட்டினாள். பதினொன்று இருபதுக்கு எண்ணினேன்: பத்து. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணினேன்.

அவள் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். எப்போதும்போல் தானாகவே பாறையில் கை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பாறையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“யப்பா, போட்டுமா?”

போ என்று சொன்னேனா, தலையை மட்டும் அசைத்தேனா, நினைவில்லை. நோட்டிலும் எழுதவில்லை.

அவள் மேலே ஏறவில்லை. உச்சி நனைந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாறையின் அடிவயிற்றோடு, இடமிருந்து வலமாக, குறுக்கே போனாள். இருபத்திரண்டு அடி நீளம். தரையிலிருந்து நான்கடிக்கு மேல் எங்கும் போகவில்லை. முதுகு தரையைப் பார்க்க, முகம் பாறையைப் பார்க்க. ஊரில் இருந்த கடைசி வருடங்களில் முத்துக் குளிக்கும் சலாபம் நடந்தபோது என்னைச் சிப்பி எண்ணப் படகுக்கு அனுப்பினார்கள். ஆள் முங்கினதும் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். அறுபதுக்குள் தலை தெரியும். ஒருமுறை எண்பத்தேழு வரை போனது. படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வசந்தியின் கால் தரையை விட்டதும் எனக்குள் அந்த எண்ணிக்கை தானாக ஆரம்பித்தது.

பத்து. இருபது. அவள் விரல்கள் எனக்குத் தெரியாத இடங்களைத் தெரிந்து வைத்திருந்தன. நான் வெறும் பாறை என்று பார்த்த இடத்தில் அவளுக்குப் படி இருந்தது. முப்பத்தெட்டில் கல்லுப்பு வைத்த விளிம்புக்கு வந்தாள். ஒரு கல்கூடக் கலையாமல் பக்கத்தில் விரலை வைத்துக் கடந்தாள். முறிந்த கால் அவள் முழு எடையையும் வாங்கியது. ஐந்தடிக்கு அப்பால் மழை சுவராக நின்று கொட்டிக்கொண்டிருந்தது; அந்தச் சத்தத்துக்குள் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. அறுபத்தொன்று. எழுபது. இவள் என் மகள் என்பதுகூட ஒரு நொடி மறந்துவிட்டது. ஆள் முங்கின இடத்தில் கடல் எப்படி ஒன்றும் தெரியாததுபோல் இருக்குமோ, பாறையும் அப்படியே இருந்தது.

தொண்ணூற்று நான்கில் வலது கோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே நெற்றி சற்றுக் குறுகும். ஒரு கையால் தொங்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பின்னல் மழைக் கோட்டுக்கு வெளியே போய், நுனி மட்டும் நனைந்தது. மற்றபடி ஒரு சொட்டு இல்லை.

இறங்கி வந்து, பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து, பிடித்த இடங்களை எல்லாம் தேய்த்துச் சுத்தம் செய்தாள். அதுதான் இவர்கள் வழக்கமாம். விளிம்பிலிருந்து கல்லுப்பை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் எண்ணினேன், ஒன்பது. பத்தாவது எங்கே என்றேன். வாயைத் திறந்து காட்டினாள். அளத்துக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் சின்ன வயதில் செய்த வேலை.

ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பக்கம் வேலைக்குப் போகிறாள். இங்கேயுள்ளதைவிட மழை அதிகம் பெய்யும் ஊர். மீதி உப்பிலிருந்து ஒரு கிலோ வேண்டும் என்று கேட்டு, எடுத்து ஒரு டப்பாவில் மூடி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்வக்கனி எங்கள் இருவர் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, இந்தப் பைத்தியத்துக்கு இதுவரை ஆன செலவு எவ்வளவு என்று கேட்டாள். பார்சல் கூலியை ராஜபாண்டி வாங்க மறுத்துவிட்டார். பஸ், குடை, நோட்டு, தபால் இலாகாவின் பரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கூட்டினேன். பதினான்கு பவுன் முப்பத்தாறு பென்ஸ், எலும்பு முறிவு இரண்டு, மகள் என்னைக் கேட்காத நாட்கள் ஆறு மாதம் ஏழு நாள், உப்புக்கல் ஒன்று.